அது கடம் இல்லை, ஆசிரியரே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அறுபதுகளின் அமெரிக்க ராக் பற்றி நாலு பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் படித்தேன், மூன்றாம் பக்கம் வரும்வரை. அங்கே டெக்சாஸ் மாநிலத்து ராக் குழுவான தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸுக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும் குழுவில் ஒருவரான டாமி ஹால் கடம் வாசித்தார், இது இந்திய இசையின் தாக்கத்துக்குச் சான்று என்று ஒரு வாக்கியம். கையில் இருந்த காபி ஆறிப்போனது.

கட்டுரையாளர் 'ஜக்' என்று எங்கோ படித்திருக்கிறார். ஜக் என்றால் குடம், குடம் என்றால் கடம் என்று இரண்டே தாவலில் டெக்சாஸிலிருந்து மானாமதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டார். எதைப் பார்த்தாலும் நம்மிடமிருந்து போனதுதான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிடும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள், இல்லையா?

அமெரிக்காவில் ஜக் என்பது ஏழைகளின் பேஸ் வாத்தியம், அடியில் கனத்த ஒலி கொடுப்பது. 1920களில் மெம்ஃபிஸ், லூயிவில் பக்கம் ஜக் பேண்டுகள் என்றே குழுக்கள் இருந்தன. கழுத்து குறுகிய ஜாடியின் வாயருகே உதட்டை வைத்து ஊதுவார்கள், தட்டுவதில்லை. டாமி ஹால் அப்படியும் செய்யவில்லை. ஜாடியின் வாய்க்குள் தன் குரலையே 'டுகுடுகுடுகு' என்று ஓடவிட்டார், மேடையில் மைக்கையும் அந்த வாயருகே பிடித்துக்கொண்டார். குரல் உள்ளே போய் முட்டி மோதி வேறு ஏதோ ஒன்றாக வெளியே வரும். கேட்டால் மாடத்தில் புறாக்கள் குமுறுவதுபோல இருக்கும், சில இடத்தில் உலை கொதிப்பதுபோல இருக்கும். இதைத்தான் எலெக்ட்ரிக் ஜக் என்றார்கள். வெயில் காலத்தில் காலிக் குடத்துக்குள் தலையை விட்டு 'ஊ' என்று கத்தாத பிள்ளை நம் ஊரில் உண்டா? கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால் வாசகனுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

நான் இதை ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை. தூத்துக்குடியில் இருபது வருடம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன், லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் டி-60, டி-90 கேசட்டில் பாட்டுப் பிடித்துக் கொடுக்கும் கடை. உங்கள் கட்டுரையைப் படித்த அன்று சாயங்காலமே ஒரு மண்பானை வாங்கி, பரணில் கிடந்த பழைய மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் இறக்கி, செய்து பார்த்தேன். முதலில் மைக் கூவித் தொலைத்தது. வால்யூமைக் குறைத்து, வாயைக் கொஞ்சம் விலக்கி, நாக்கை மேலண்ணத்தில் வேகமாக அடித்தபோது அந்தச் சத்தம் வந்தது, அச்சு அசலாக இல்லை, ஆனால் அந்தக் குடும்பம்தான். பேத்தி ஓடி வந்து "தாத்தா, பானைக்குள்ள யாரோ இருக்காங்க" என்றாள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் சாத்தினாள். எவர்சில்வர் குடத்திலும் முயன்றேன், சரிப்படவில்லை.

சரி, கடத்தை விடுங்கள். கார் ஷெட்டில் பையன்கள் அடிக்கும் கராஜ் ராக் எப்படி மனத்தை மயக்கும் சைகடெலிக் ராக் ஆனது என்பதுதானே உங்கள் கட்டுரையின் விஷயமே? அதைக் காட்ட இந்தக் குழுவைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? எலிவேட்டர்ஸின் பாடகர் ராக்கி எரிக்சன், அதற்கு முன் 1965-ல் ஸ்பேட்ஸ் என்ற குழுவோடு 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாட்டைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 18. அசல் கராஜ் பாட்டுத்தான் அது, முரட்டுத்தனமும் அவசரமும். சில மாதம் கழித்து, 1966 தொடக்கத்தில், அதே பாட்டை அதே பாடகர் எலிவேட்டர்ஸோடு மறுபடி பாடினார். தொண்டை கிழிகிற அந்தக் கத்தல் இதிலும் இருக்கிறது, ஆனால் அடியில் ஜாடி ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், பக்கம் பக்கமாக விளக்கவே வேண்டாம். முதலில் நாலு பேர் பாடுகிறார்கள், இரண்டாவதில் அந்த அறையின் தரையே லேசாக நகர்கிறது. இந்த இரண்டாவது பதிவு பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டு வரிசைப் பட்டியலில் 55-வது இடம்வரை போனது, அவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே 'சைகடெலிக்' என்று போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் 'ஈஸ்டர் எவ்ரிவேர்', முதல் பாட்டே எட்டு நிமிடம். உங்கள் கட்டுரையில் இந்த ஆல்பத்தின் பெயரே இல்லை. கீழைத் தத்துவம் வேண்டுமானால் அந்தப் பாட்டின் வரிகளில் தேடியிருக்கலாம், டாமி ஹால் அதையெல்லாம் படித்தவர்தான். அது வரியில் இருக்கிறது ஐயா, ஜாடியில் இல்லை. சிதார் தாக்கம் வேண்டுமென்றால் பீட்டில்ஸ் பக்கம் போயிருக்கலாம், ஆனால் அங்கேதான் எப்போதும் போய்விடுகிறீர்களே! இந்தப் பத்து வருடத்தில் பீட்டில்ஸுக்கு எத்தனை அட்டைப்படம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சைகடெலிக் இசைக்கு நீங்கள் போடும் இந்த 'போதை இசை' என்கிற மொழிபெயர்ப்பு. 2019-ல் ராக்கி எரிக்சன் இறந்தபோது நீங்கள் போட்ட எட்டு வரிச் செய்தியிலும் இதே சொல். அப்போதே எழுதினேன். முப்பது வரிக் கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, "கட்டுரை அருமை" என்பதை மட்டும் வைத்து வெளியிட்டீர்கள். நான் அருமை என்றது பக்கத்து மாங்காய்த் தொக்குக் கட்டுரையை. சைகடெலிக் என்ற சொல்லை உண்டாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், மனத்தை வெளிக்காட்டுவது என்கிற பொருளில். எலிவேட்டர்ஸ் எல்எஸ்டி என்ற போதை மருந்து எடுத்தார்கள், ஒளித்தும் வைக்கவில்லை, நான் அதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டோடு 1969-ல் பிடிபட்டு, சிறைக்குத் தப்ப மனநிலை சரியில்லை என்று வழக்காடி, 1972 வரை மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த மனிதனை 'போதை இசைக்கலைஞர்' என்று ஒரு சொல்லில் முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் கட்டுரையாளர் புகழ்ந்த, மேடையில் நேரடியாகப் பதிவானது என்று சொல்லப்படும் எலிவேட்டர்ஸின் 'லைவ்' ஆல்பத்துக்கும் வருகிறேன். "ரசிகர் வெள்ளத்தின் ஆரவாரத்தில்" பதிவானது என்கிறார். 1987-ல் கப்பலில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர் அந்த எல்பியைக் கேசட்டில் பிடித்துத் தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். லெவல் பார்ப்பதற்காக ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டேன். பட்டிமன்றக் கேசட் நூற்றுக்கணக்கில் பிடித்த காது இது. கைதட்டல் வந்தால் பேசுகிறவர் ஒரு மூச்சு நிற்பார், தட்டல் அடங்கும்போது குரல் ஏறும். இதில் பாட்டு ஒரு பக்கம் போகிறது, கூட்டம் ஒரு பக்கம் கத்துகிறது. ஏதோ சரியில்லை என்று அவரிடம் சொன்னேன், சிரித்தார். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, 1968-ல் கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்த பதிவுகளின் மேல் யாருடைய கைதட்டலையோ ஒட்டி 'லைவ்' என்று விற்றிருக்கிறார்கள். தூத்துக்குடியில் ஒரு கேசட் கடைக்காரன் ஹெட்போனில் பிடித்ததை இணையம் முழுக்கக் கையில் இருக்கும் இந்தக் காலத்தில் உங்கள் ஆசிரியர் குழு பிடிக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: டாமி ஹால் வாசித்தது கடம் இல்லை, 'லைவ்' ஆல்பம் லைவ் இல்லை. பக்கம் 58-ல் ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி.

இன்னொன்று. நாலு வருடத்துக்கு முன் படம் எடுக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வந்து என்னிடமிருந்த முதல் ஆல்பத்தின் அட்டையை வாங்கிப்போனார், சிவப்பும் பச்சையுமாக நடுவில் ஒரு கண் போட்டிருக்கும். அந்தப் படத்தையும் நீங்கள் இதுவரை போடவில்லை. தட்டு இங்கே செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. அட்டையைக் கூரியரில் அனுப்பினால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்க்காரன்,
தூத்துக்குடி