பழைய பிபி எதிரிக்கு ஆஜராகக் கூடாதா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, அரசு வக்கீலா (பப்ளிக் பிராசிக்யூட்டர், சுருக்கமா பிபி) இருந்துட்டு பதவி போனதும் அதே கோர்ட்டுல குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் போய் நிக்கிற ஆளுங்களைத் தடை பண்ணணும், நேத்து உள்ள தள்ளுனவரு இன்னைக்கு வெளிய எடுக்குறாரு, இது துரோகம் இல்லையான்னு. படிச்சதுல இருந்து மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நான் போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவன், கடைசி 11 வருஷம் கோர்ட் டூட்டிதான், காலையில கேஸ் கட்டைத் தூக்கிட்டுப் போனா சாயங்காலம் வாய்தா தேதியைக் குறிச்சுட்டு ஸ்டேஷனுக்கு வர்றது, நடுவுல சாட்சியைக் கூட்டிட்டு வர்றது, வராதவனைத் தேடிப் போறது, வந்தவன் பல்டி அடிச்சா இன்ஸ்பெக்டர்கிட்ட திட்டு வாங்குறது. வக்கீலுங்களை வராந்தாவுல நின்னு பாத்த அளவுக்கு உள்ள உக்காந்து பாத்தவங்ககூடப் பாத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

எங்க கோர்ட்டுல ஒருத்தர் இருந்தாரு, இப்பவும் இருக்காரு. கொலை மாதிரி பெரிய கேஸ் நடக்குற செஷன்ஸ் கோர்ட்டுல கூடுதல் பிபியா (அடிஷனல் பிபி, அதான் ஏபிபி) சில வருஷம் இருந்தாரு, ஆட்சி மாறிச்சு, பதவி போச்சு, வேற ஒருத்தர் வந்தாரு, இவரு பழையபடி தன்னோட ஆபீஸைத் தொறந்து கிரிமினல் கேஸ் எடுக்க ஆரம்பிச்சாரு. ஆனா கோர்ட்டு வளாகத்துல டீக்கடைக்காரர்ல இருந்து டவாலி வரைக்கும் இன்னைக்கும் ஏபிபி சார்னுதான் கூப்பிடுறாங்க, அவரும் திரும்பிப் பாத்துடுறாரு. பேரை எழுத மாட்டேன், அவரு விரும்ப மாட்டாரு.

அவரு பிபியா இருந்தப்போ ஒரு பழக்கம், போலீஸ் சாட்சியைக் கூண்டுல ஏத்துறதுக்கு முன்னாடி வராந்தாவுல ஒதுக்குப்புறமா நிப்பாட்டி அவரே ஒரு தடவை குறுக்கு விசாரணை பண்ணிப் பாப்பாரு. ஒரு கொலைக் கேஸ்ல எப்.ஐ.ஆரை மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனவன் நான். தபால்காரன் வேலைதானே, இதுல என்ன கேக்கப் போறாங்கன்னு இருந்தேன். அவரு கேட்டாரு பாருங்க. "ஏட்டையா, ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு கையில வாங்கினீரு, எந்த பஸ்சுல போனீரு, டிக்கெட் இருக்கா, மாஜிஸ்ட்ரேட் வீட்டுல கதவைத் தொறந்தது யாரு, அய்யா கையெழுத்துக்குப் பக்கத்துல என்ன நேரம் போட்டிருக்காரு பாத்தீரா?" எனக்கு பாதிக்கு மேல பதில் தெரியல. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லும், எனக்காகக் கூட்டிச் சொல்லிராதீரும்"ன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கொலை மாதிரி கேஸ்ல எப்.ஐ.ஆர். போட்ட உடனே ஒரு காப்பி மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போயிடணும், பழைய சட்டத்துல 157வது பிரிவு, இப்போ 2024 ஜூலை 1ல இருந்து வந்த புதுச் சட்டத்துல 176. (கொலைக்கு 302ன்னு சொல்லிப் பழகின வாய்க்கு 103ன்னு சொல்ல இன்னும் வர மாட்டேங்குது, அது வேற கதை.) எதுக்கு இந்த அவசரம்னா, காகிதம் மாஜிஸ்ட்ரேட் கைக்குப் போயிட்டா அப்புறம் ஸ்டேஷன்ல உக்காந்து அதுல யார் பேரையும் சேக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அவரு போடுற அந்த நேரம்தான் பூட்டு. லேட்டாப் போச்சுங்கிறதுக்காக மட்டும் கேஸ் விழுந்துடாது, லேட்டுக்கு நியாயமான காரணம் சொன்னா கோர்ட்டு ஏத்துக்கும், சொல்ல முடியாட்டித்தான் ஆபத்து.

இப்ப அடுத்த கதை. அவரு பிபி பதவியை விட்டு ரெண்டு மூணு வருஷம் இருக்கும். இன்னொரு கொலைக் கேஸ், நாலு எதிரி. (கோர்ட்டுத் தமிழ்ல குற்றம் சாட்டப்பட்டவனை எதிரின்னுதான் எழுதுவாங்க, முதல் எதிரி, இரண்டாம் எதிரின்னு. யாருக்கு எதிரி, தீர்ப்பே வரலையேன்னு எனக்கு சர்வீஸ் முழுக்க ஒரு உறுத்தல்.) அதுலயும் எப்.ஐ.ஆர். கொண்டு போனவன் நான்தான். அந்த நாலு பேருக்கும் ஆஜரானது நம்ம ஏபிபி சார். கூண்டுல ஏறி நிக்கிறேன், அவரு எந்திரிச்சாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, என்னைப் பாத்து அதே குரல்ல, "ஏட்டையா, எந்த பஸ்சுல போனீரு?"

வேர்த்துடுச்சு எனக்கு. எப்.ஐ.ஆர்.ல பதிவு நேரம் ராத்திரி பத்தரை, மாஜிஸ்ட்ரேட் போட்ட நேரம் மறுநாள் காலையில பதினொன்னே முக்கால், நடுவுல உள்ள தூரம் 8 கிலோமீட்டர். டிக்கெட் இருக்கான்னாரு, இல்லன்னேன். ஜி.டி.ல (ஸ்டேஷன் பொது டைரி) நீர் கிளம்புன நேரம் எழுதியிருக்கான்னாரு, பாக்கணும்னேன். ராத்திரி முழுக்க எப்.ஐ.ஆர். எங்க இருந்துச்சுன்னாரு, ஞாபகம் இல்லன்னேன். அவ்வளவுதான், உக்காந்துட்டாரு. சத்தம் போடல, மேசையைத் தட்டல, என்னைப் பொய் சாட்சின்னு சொல்லல. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உண்மை என்னன்னா எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ராத்திரி புகார்ல ரெண்டு பேர் பேருதான் இருந்துச்சு. விடியக்காலையில செத்தவனோட சொந்தக்காரங்க வந்து இன்னும் ரெண்டு பேரைச் சேக்கச் சொன்னாங்க, பழைய நிலத்தகராறு, அவங்களையும் சேத்து புகாரைத் திரும்ப எழுதினாங்க, அதுவரைக்கும் நான் ஸ்டேஷன் திண்ணையில உக்காந்திருந்தேன். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம்னு கேக்காதீங்க. தீர்ப்பு வந்துச்சு, நாலு பேரும் விடுதலை. அதுல முதல் ரெண்டு பேரு செஞ்சவங்கதான்னு நான் இன்னைக்கும் நம்புறேன். அன்னைக்கு ஸ்டேஷன்ல எல்லாரும் ஏபிபி சாரைத் துரோகின்னு திட்டுனாங்க, நம்மகூடவே இருந்து நம்ம ஓட்டையெல்லாம் பாத்துட்டு அங்க போய் விக்கிறான்னு. நானும் சேந்து திட்டினேன். போன வாரம் கடிதம் எழுதினவரு சொல்றதும் இதேதான். ஆனா அந்த ராத்திரி நேரா பஸ் ஏறியிருந்தா அவரு கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்திருக்கும், அந்த ரெண்டு பேரு தப்பிச்சிருக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு, சார்ஜ் ஷீட். அவரு பிபியா இருந்தப்போ ஆபீஸ் காலண்டர்ல பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருப்பாரு, எந்தக் கேஸ்ல எதிரி என்னைக்கு ரிமாண்ட் ஆனான், எண்பதாவது நாள் எதுன்னு. அன்னைக்கு ஸ்டேஷனுக்கு போன் வரும், "ஏட்டையா, இன்னும் பத்து நாள்தான், சார்ஜ் ஷீட் எங்கவே?" பெரிய குத்தத்துக்கு 90 நாள், மத்ததுக்கு 60 நாள், அதுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலைன்னா எதிரி ஜாமீன் கேட்டா கொடுத்தே ஆகணும், அது அவனோட உரிமை, கேஸ் எவ்வளவு கொடூரமானதுன்னு அங்க பேச முடியாது. இப்பவும் அதே காலண்டர், அதே பென்சில், போன் மட்டும் வராது, கெடு முடிஞ்ச மறுநாள் காலையில பத்தரைக்கு மனு வந்து நிக்கும். எரிச்சலா இருக்கும்தான். ஆனா அவரு வெளிய போனப்புறம் எங்க சப் டிவிஷன்ல சார்ஜ் ஷீட்டெல்லாம் கெடுவுக்கு முன்னாடியே போக ஆரம்பிச்சதைக் கண்ணால பாத்தவன் நான். பயம்தான், வேறென்ன.

தடை பண்ணணும்ங்கிறாரே, நடக்குற காரியமான்னு யோசிச்சாரான்னு தெரியல. கீழ மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல உள்ள அசிஸ்டென்ட் பிபிங்க டிஎன்பிஎஸ்சி எழுதி வந்த அரசாங்க உத்தியோகஸ்தருங்க, மாசச் சம்பளம், பென்ஷன். செஷன்ஸ் கோர்ட்டுல பிபி, கூடுதல் பிபியெல்லாம் அப்படி இல்ல, கோர்ட்டுல பிராக்டீஸ் பண்ற வக்கீலுங்கள்ல இருந்துதான் எடுக்கிறாங்க, சட்டமே குறைஞ்சது 7 வருஷம் வக்கீலா இருந்திருக்கணும்னு சொல்லுது. கிரிமினல் தெரிஞ்ச ஆளுதான் வேணும், அப்ப அந்த ஏழு வருஷம் அவரு எங்க கத்துக்கிட்டிருப்பாரு? எதிரிக்கு ஆஜராகித்தான். கவர்மெண்ட் கொடுக்குற பீஸ் எவ்வளவு, எத்தனை மாசம் கழிச்சு வரும்னு எந்த அரசு வக்கீலைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு சிரிப்பாரு. ஆட்சி மாறினா பதவியும் போயிடும், அப்புறம் கிரிமினலே பாக்கக் கூடாதுன்னா உருப்படியான வக்கீல் எவன் அந்த நாற்காலிக்கு வருவான்? கட்சிக்கு போஸ்டர் ஒட்டினவன்தான் வருவான், இப்பவே அந்தக் குறை இல்லாம இல்ல.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. எங்கப்பா நடிகர் தியாகராஜ பாகவதர் பைத்தியம், லட்சுமிகாந்தன் கொலைக் கேஸை எனக்கு ராமாயணம் மாதிரி சொல்லுவாரு. 1944 நவம்பர்ல மெட்ராஸ்ல மஞ்சப் பத்திரிகை நடத்துன லட்சுமிகாந்தனைக் குத்திட்டாங்க, பாகவதரையும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடிச்சு உள்ள போட்டு 1945ல ஆயுள் தண்டனையும் கொடுத்தாச்சு, அன்னைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து 1947ல விடுதலை ஆனாங்க. அவங்களுக்காக நின்னு வாதாடினவங்கள்ல பாரிஸ்டர் எதிராஜ் ஒருத்தர். அவரு யாரு? வெள்ளைக்காரன் காலத்துலயே கிரவுன் பிராசிக்யூட்டரா, அரசாங்கத்தரப்புல இருந்தவரு. 1948ல பொம்பளைப் பிள்ளைங்களுக்காக காலேஜ் ஆரம்பிச்ச அதே எதிராஜ்தான். அவரை எங்கப்பா துரோகின்னு சொல்லி நான் கேட்டதில்ல, சாமி மாதிரித்தான் பேசுவாரு.

எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு ஞாபகப்படுத்தணும். கோயம்புத்தூர்ல போலீசுக்கும் வக்கீலுங்களுக்கும் தகராறு வந்து, அந்த போலீஸ்காரங்களுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கத்துல தீர்மானம் போட்டாங்க. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2010 டிசம்பர்ல அந்த மாதிரி தீர்மானமெல்லாம் செல்லாது, சட்டவிரோதம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு எங்க ரெஸ்ட் ரூம்ல கைதட்டினவங்களே மறுநாள் ஏபிபி சாரைத் திட்டினாங்க. வக்கீல் தொழில் விதியில தெளிவா இருக்கு, இவன் குத்தம் செஞ்சிருப்பான்னு வக்கீலுக்கு மனசுல பட்டாலும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஆஜராகணும்னு. அதுக்கு அடுத்த விதியையும் சேத்துப் படிக்கணும், அரசுத்தரப்புல நிக்கிறவன் நிரபராதிக்கு தண்டனை வாங்கிக் கொடுக்குற மாதிரி கேஸ் நடத்தக் கூடாது, அவனைக் காப்பாத்துற ஆதாரம் கையில இருந்தா அதை மறைக்கக் கூடாதுன்னு இருக்கு. பிபின்னா போலீஸோட வக்கீல்னு நாங்களே ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தோம்.

ஆனா ஒரு எடத்துல கடிதக்காரர் பயப்படுறது நியாயம்தான். தான் பிபியா இருந்து பாத்த அதே கேஸுக்கு, இல்ல அபிப்பிராயம் எழுதிக் கொடுத்த கேஸுக்கு, பின்னாடி எதிரி பக்கம் போய் நிக்கிறது பச்சை அயோக்கியத்தனம். அதுக்கும் விதி இருக்கு, ஒரு தரப்புக்கு ஆஜரானவன் அதே விவகாரத்துல எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. விதி இருக்கு, ஆனா யாரு சரிபாக்கிறா? ஏபிபி சார் பதவியில இருந்த காலத்து டைரி எல்லாத்தையும் சிவப்பு அட்டை போட்டு அலமாரியில வச்சிருக்காரு. ஒரு தடவை சம்மன் கொடுக்க அவரு ஆபீஸுக்குப் போயிருந்தேன், ஒரு அம்மா மஞ்சப்பையோட உக்காந்திருக்கு, மகன் ஜெயில்ல இருக்கான், பீஸ் பணத்தைக் கர்ச்சீப்புல முடிஞ்சு வச்சிருக்கு. இவரு கேஸ் நம்பரைக் கேட்டாரு, குமாஸ்தா டைரியைப் புரட்டிட்டு சார்னு ஒரு பக்கத்தைக் காட்டினாரு, பாத்துட்டு, "தாயி, இந்தக் கட்டுல என் கையெழுத்து இருக்கு, உம்மவன் ஜாமீனை எதுத்ததே நான்தான், நான் தொடக் கூடாது"ன்னுட்டாரு. அந்தம்மாவுக்குப் புரியல, கூடக் காசு கேக்கிறாருன்னு நினைச்சு இன்னொரு முடிச்சை அவிழ்க்குது. அப்புறம் குமாஸ்தா எடுத்துச் சொல்லி, காசு வாங்காம வக்கீல் வச்சுக் கொடுக்குற சட்ட உதவி மையம் இருக்குன்னு அங்க கூட்டிட்டுப் போனாரு.

இது அவரோட மனசாட்சி, எல்லார்கிட்டயும் சிவப்பு டைரி இருக்காது. அதனால நான் கேக்குறது ஒண்ணுதான், பிபி, கூடுதல் பிபி யாரா இருந்தாலும் பதவியை விட்டு இறங்கும்போது தான் ஆஜரான கேஸ், அபிப்பிராயம் கொடுத்த கேஸ் எல்லாத்தோட நம்பரையும் ஒரு லிஸ்ட் போட்டு மாவட்ட கோர்ட்டு ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போகணும், வக்காலத்து வரும்போது ஆபீஸ்ல அதைப் பாத்துட்டு ஏத்துக்கட்டும். இதுக்குப் புதுச் சட்டமெல்லாம் வேண்டாம், ஒரு சர்க்குலர் போதும், ஒரு குயர் நோட்டு போதும்.

கடிதம் நீண்டு போச்சு, வெட்ட வேண்டிய எடத்துல வெட்டிக்கோங்க, ஆனா பஸ் டிக்கெட் விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க. என் பேரையும் ஊரையும் போட வேண்டாம் சார், பென்ஷன் வாங்குறவன், இதே ஊர்லதான் இருந்தாகணும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர்