ஹெடரில் எழுதாதே, மச்சான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது தடியில்லாமல் நடக்கிறா என்று வாசித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கே நாலு நாளாக மழை. சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன்.

சி நிரலில் பொது மாறிகளை, எல்லாக் கோப்பும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஹெடர் கோப்பிலேயே எழுதினால் என்ன என்று கேட்டிருந்தாய். எழுதாதே. எங்கள் மாடித் தண்ணீர்த் தாங்கிக்கு நான் செய்த கருவியில் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நீர்மட்ட மாறியைத் தொடக்க மதிப்புக் கொடுக்காமல் ஹெடரில் வைத்திருந்தேன். பழைய ஜிசிசி கம்பைலர் எல்லாக் கோப்பிலும் வந்த அந்தப் பெயரை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 2020இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அது அப்படிச் சேர்ப்பதில்லை. கம்பைலரைப் புதுப்பித்ததும், கோப்புகளை இணைக்கும் லிங்கர் ஒரே பெயர் பல கோப்பில் இருக்கிறதென்று மறித்தது. அவசரத்தில் மாறிக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டேன், பிழைச்செய்தி மறைந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பிரதி உண்டாகிவிட்டது. சென்சர் கோப்பு தன் பிரதியில் மட்டத்தை எழுத, மோட்டர் கோப்பு தன்னுடையதில் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மோட்டர் நிற்கவில்லை. விடிய விடியப் படிக்கட்டால் தண்ணீர் ஓடியது. கீழ்வீட்டு ஐயாவின் அரிசி மூட்டை நனைந்துபோனது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது அந்த மாறி சென்சர் கோப்புக்குள் மட்டும், ஸ்டாட்டிக்காக இருக்கிறது. மட்டம் வேண்டிய கோப்பு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்கும். பகிரத்தான் வேண்டுமென்றால் ஒரேயொரு சி கோப்பில் வரையறுத்து, ஹெடரில் எக்ஸ்டெர்ன், அதாவது மாறி வேறிடத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பை, மட்டும் எழுது. எக்ஸ்டெர்ன் வரிக்கு ஒரு பைட்டும் செலவில்லை.

ரேம் போதவில்லை என்றாயே, உன் திரைச் செய்திகளைப் பார். உன் 328பி போன்ற ஏவிஆர் சில்லுகளில், மாறாதவை என்று கான்ஸ்ட் போட்டாலும் அவை ரேமில்தான் வந்து உட்காரும். புரோக்மெம் என்ற குறிப்பைப் போட்டால், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருக்கும். வாசிக்க அதற்கென்று உள்ள ஃபங்ஷன்களைப் பயன்படுத்த வேண்டும். உன் 328பியில் ஃபிளாஷ் 32 கிலோபைட், ரேமோ வெறும் 2048 பைட். அந்த ரேமின் மேல்முனையிலிருந்து, ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் ஸ்டாக் கீழே இறங்கி வரும். அது மாறிகளின் மேல் ஏறினால் தடுக்க எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நினைவகக் கணக்குக் காட்டும் ஏவிஆர்-சைஸ் ஓட்டி, மாறிகள் பிடிக்கும் இடமான டேட்டாவையும் பிஎஸ்எஸ்ஸையும் கூட்டிப் பார்க்கிறேன். 1500 பைட்டைத் தாண்ட நான் விடுவதில்லை.

உன் கோப்புகளை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்க்கிறேன். அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்