குடித்த கையோடு பல் துலக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடைக்கால இணைப்பில் 'குளிர்பானம் குடித்த கையோடு பல் துலக்கிவிட்டால் சொத்தை அண்டாது' என்று ஒரு வரியைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருந்தால், அந்த வரியை அவர் அங்கேயே அடித்திருப்பார்.

உங்களுக்குத் தெரியாதது அல்ல; வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பிஎச் 2.5 அளவில் இருக்கிறது. குடித்து முடித்த நேரத்தில் எனாமலின் மேற்பரப்பு மென்மையாகிக் கிடக்கும். அப்போது பிரஷ் போட்டால் அந்த மெல்லிய அடுக்கு தேய்ந்து போகும். கரித்தூளும் உப்பும் போட்டுத் தேய்ப்பவர்களுக்கு இன்னும் மோசம். போன எனாமல் மறுபடி வளராது. குடித்ததும் வெறும் தண்ணீரை வாயில் நிறைத்து இரண்டு மூன்று முறை கொப்பளிக்க வேண்டும். எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லில் திரும்பச் சேர்க்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிரஷ் அதற்குப் பிறகுதான்.

250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல் என்று அதே பக்கத்தில் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பல்லுக்கு அளவைவிடத் தடவைதான் முக்கியம். ஒரே மூச்சில் குடித்தால் அமிலத் தாக்குதல் ஒரு முறை. அதே பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை வாய் வாயாக உறிஞ்சினால், ஒவ்வொரு வாய்க்கும் அந்த அரை மணி முதலிலிருந்து தொடங்கும். பல் ஆறுவதற்கு இடமே கிடைக்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து முடிப்பதே குறைந்த கேடு. சர்க்கரை இல்லாத 'டயட்' பானத்திலும் அமிலம் அப்படியே இருக்கிறது.

2017இல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது, பன்னீர் சோடாவையும் ரோஸ்மில்க்கையும் உடலுக்கு நல்லது என்று பலரும் எழுதினார்கள். பல்லில் ஒட்டும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கும்; நம்மூர்ச் சர்க்கரையானாலும் அது அப்படித்தான். நீங்கள் 'பழச்சாறு' என்று பரிந்துரைக்கும் மாம்பழ பானங்களின் பின்பக்க அட்டவணையில், 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முன்பு ஓர் இதழில் தருமபுரிக் குழந்தைகளின் பழுப்புப் பற்களைக் காட்டி, ஃப்ளோரைடு பேஸ்டே விஷம் என்று எழுதினீர்கள். நான் அப்போதே மறுத்து எழுதியிருக்க வேண்டும். அந்தக் கறை, பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்ததால் வந்தது. அப்படிப்பட்ட ஊர்களில் முதலில் மாற்ற வேண்டியது குடிநீரை. மற்ற ஊர்களில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத பேஸ்டுதான் சொத்தைக்குத் தடுப்பு. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் விடவேண்டும்.

'பால்பல்தானே, விழுந்துவிடும்' என்ற வாசகர் பதிலையும் மறுப்பின்றி வெளியிட்டீர்கள். பால் கடைவாய்ப்பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்கிறது. நிரந்தரப் பல்லுக்கு இடம் காத்துக் கொடுப்பது அதுதான். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல், பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பெற்றோர் பலர் பால்பல் என்றே நினைக்கிறார்கள். எங்களிடம் சொத்தையோடு வருவதில் பெரும்பாலும் அந்தப் பல்தான் முன்னால் நிற்கிறது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது எளிது. குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லைத் துணியால் ஒற்றிவிட்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஈறை ஒட்டிச் சாக்பீஸால் கோடு இழுத்ததுபோல் மங்கிய வெள்ளை தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். பள்ளம் விழாத அந்த நிலையில் ஃப்ளோரைடு பூச்சாலேயே நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தால் அடைக்கத்தான் வேண்டும். இரவில் சர்க்கரைப் பால் புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் நான்கும் முதலில் போகும். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதே காரணம். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'குளிர்பானம் குடித்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்' என்று கட்டம் கட்டித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் பல் மருத்துவர்,
கும்பகோணம்