லாம்ப்ரெடியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலியின் லான்சியா நிறுவனத்தின் டெல்டா ராலி கார்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஓட்டுநர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அந்தக் கார்களின் இன்ஜினுக்கு மூலகர்த்தாவான வடிவமைப்பாளர் அவுரேலியோ லாம்ப்ரெடி பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவரைப் பலரும் ஃபெராரி ஆளாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1952, 1953இல் ஃபெராரி ஓட்டுநர் அஸ்காரி ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனது அவருடைய நான்கு சிலிண்டர் இன்ஜினில்தான். 1955இல் லான்சியா தன் பந்தயக் கார்களை ஃபெராரியிடம் ஒப்படைத்தது. கூடவே அவற்றை வடிவமைத்த விட்டோரியோ யானோவும் வந்து சேர்ந்தார். லாம்ப்ரெடி ஃபியட்டுக்குப் போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அதே லான்சியாவுக்கு ஏழு ராலி பட்டங்களை வாங்கித் தந்தது இவர் போட்ட இன்ஜின்தான்.

அது பந்தயத்துக்கென்று பிறந்ததும் அல்ல. 1966இல் ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடரில் வந்தது. இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றாலே பணக்காரக் கார்களின் சமாச்சாரமாக இருந்த காலம். அவற்றைச் சுழற்ற இவர் செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டுச் செலவையும் சத்தத்தையும் குறைத்தார். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகட்டை, கேம்ஷாஃப்ட் அழுத்தும் டேப்பெட்டின் தலைமேலேயே வைத்தார். கேம்ஷாஃப்டைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். இதன் அருமை ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவர்களுக்குத் தெரியும். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு. கனம்தான், ஆனால் பிறகு கூடுதல் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் ஏற்றியபோது அசராமல் தாங்கியது.

1973 முதல் 1982 வரை ஃபியட்டின் பந்தயப் பிரிவான அபார்த் நிறுவனத்துக்கும் அவர்தான் தலைவர். இதே இன்ஜின் வழி வந்த ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் உலக ராலியின் தயாரிப்பாளர் பட்டம் வென்றது. 1983இல் லான்சியா 037. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஆடி குவாட்ரோவை, பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் கார் 118-க்கு 116 என்று இரண்டே புள்ளியில் முந்தியது. இரு சக்கர இயக்கக் கார் தயாரிப்பாளர் பட்டம் வென்றது அதுவே கடைசி. அப்புறம் 1987 முதல் 1992 வரை டெல்டா விடாமல் ஆறு. ஆக மொத்தம் பத்து. (டெல்டா எஸ்4-ஐ இதில் சேர்க்கவில்லை. அது கிளாடியோ லொம்பார்டியின் வேறு இன்ஜின். அதற்குப் பட்டமும் கிடைக்கவில்லை.)

எல்லாம் ஒரே ஆளின் சாதனை என்று சொல்ல வரவில்லை. 037 காரை உருவாக்கிய செர்ஜியோ லிமோனேயும் உங்கள் கட்டுரையில் விடுபட்டிருக்கிறார். இந்த இருவரைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், இன்ஜின் படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை