எந்தப் பாத்திக்குத் தண்ணீர்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பையன் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டானா? இங்கே அத்தைக்குப் போன வாரம் வெயிலில் தலை சுற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிணற்றுச் சேதி. அதற்காகத்தான் வேலையை எல்லாம் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கிணற்றில் தண்ணீர் கீழே போய், மோட்டார் காற்று இழுக்கிறதடி. காலையில் போட்டால் கொஞ்ச நேரம் குழாய் நிறைய வரும். அப்புறம் விக்கல் எடுத்த மாதிரி விட்டுவிட்டுத் துப்பும். உடனே ஓடிப்போய் நிறுத்தியாக வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் சூடேறிப் போய்விடும். மறுபடி ஊறச் சாயந்தரம் ஆகிறது.

இருக்கிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் காணாது என்று தெரிந்த ராத்திரி வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "வாயில்லா ஜீவனுக்குப் போக மீதிதான் செடிக்கு" என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் மறுப்பில்லை. கறவை மாடு இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு 80, 100 லிட்டர்கூடக் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். மீதி எதற்கு என்பதில்தான் சண்டை. இவர் பழக்கன்றுகளுக்கு என்றார். நான் மிளகாய்க்கும் வெள்ளரிக்கும் கேட்டேன், அதுவும் வெள்ளரி தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் கசந்துவிடும் என்பதால். சின்னவன் தன் தக்காளிப் பாத்தியை விடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தக்காளியை நீ பார்க்கணும். விதை போட்டது, நாற்றைப் பிடுங்கி நட்டது, குச்சி ஊன்றிக் கட்டியது எல்லாம் அவன் கைதான். செடி தளதளவென்று நிற்கிறது, பூவும் வைக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியில் மகரந்தம் கெட்டுப்போகும், பூ கொட்டிவிடும். இந்த வெயிலில் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குத்தான் போகும். எடுத்துச் சொன்னேன், நம்பவில்லை. கையைப் பிடித்துப் பாத்திக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பூங்கொத்தைக் காட்டினான். காம்பின் நடுவில் ஒரு கணு இருக்குமே, அங்கே மஞ்சளாகியிருந்தது. அவன் விரல் பட்டதும் அந்தக் கணுவோடு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இன்னொன்றைத் தொட்டான், அதுவும் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியற்காலை தன் பங்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழக்கன்றுக்கு ஊற்றினான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து வயசுப் பிள்ளைக்கு இது சின்ன இழப்பா, சொல்.

ஆனாலும் கன்றுகளைக் காப்பாற்றுவதுதான் சரி. காய்கறி இந்தப் பட்டம் போனால் அடுத்த பட்டம் இருக்கிறது. கன்று காய்ந்தால் அதை வளர்த்த வருஷங்களும் அதோடு போயின. பெரிய மரத்துக்கு வேர் ஆழத்தில் இருக்கிறது, எப்படியாவது தாங்கிக்கொள்ளும். இதுகளுக்கு இன்னும் வேர் இறங்கவில்லை. தினமும் மேலாகத் தெளிப்பதை நிறுத்திவிட்டு, முறை வைத்து, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை விடியுமுன் நன்றாக ஊறவிடுகிறோம். தண்ணீரைத் தேடி வேரும் கீழே போகும். மேலே வைக்கோலும் சருகும் கனமாக மூடாக்குப் போட்டிருக்கிறோம், தண்டில் ஒட்டாமல் சுற்றிலும் இடம் விட்டு. ஒட்டிப் போட்டால் பட்டை அழுகிவிடும். உச்சி வெயிலில் வைக்கோலை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தேன், மண் ஈரமாகக் குளுகுளுவென்று இருந்தது. ஓரடி தள்ளி வெறும் தரையில் கை வைக்க முடியவில்லை!

கோழிகளைப் பெரியவள் பார்த்துக்கொள்கிறாள். கோழிக்கு வேர்க்காது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். அப்படி இரைக்க இரைக்க இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்பும் குறைந்துவிடுகிறது. கூட்டிலிருந்து அவள் எடுத்த முட்டை ஒன்று எடுத்த கையிலேயே நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து தீனி விடியற்காலையும் பொழுது சாய்ந்தும்தான், தண்ணீர்த் தட்டு நிழலில், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று வீட்டையே அதிகாரம் செய்கிறாள். விரலை ஆட்டி ஆட்டி அவள் பேசும்போது அப்படியே விடுதி மாடிப்படியில் நின்ற நீதான். இவர்கூடச் சொன்னார்.

அத்தை விஷயம். மாட்டுக்குத் தீவனம் வைக்க உச்சி வெயிலில் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணி போட்டு விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். அந்தச் சில நிமிஷம் நான் பட்ட பயம் உனக்குத் தெரியாது. இப்போது பதினொன்றிலிருந்து நாலு வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று கண்டிப்பு. தீவனத்தில் பெரும்பங்கை ராத்திரிக்கு மாற்றிவிட்டோம். மாட்டுக்கும் அதுதான் நல்லது, தின்றது வயிற்றில் செரிக்கும்போது உண்டாகும் சூடு பகல் வெயிலோடு சேராது. மத்தியானம் முழுக்க ஒரே அறையில் ஐந்து பேர். பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் பிள்ளைகளின் அடிதடி. அதையும் மீறி, இப்படி எல்லோரும் ஒன்றாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நீ எனக்குச் செய்ய வேண்டியது. இவர் கிணற்றை ஆழப்படுத்தலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சுற்றியிருக்கிற எல்லோரும் அதே ஊற்றைத்தானே இறைக்கிறோம்? நாம் ஆழம் போனால் பக்கத்துக்காரரும் போவார், அடுத்த கோடையில் மறுபடி இதே கதை. மழைக்காலத்தில் நம் நிலத்திலிருந்து செம்மண்ணாக ஓடிப்போகும் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு குட்டை வெட்டலாம் என்பது என் எண்ணம். அகலத்தைக் குறைத்து ஆழமாக வெட்டினால் வெயிலுக்கு ஆவியாவது குறையும், அது எனக்கே தெரிகிறது. கரைச் சரிவு எவ்வளவு வைக்கணும், மண் தண்ணீரைத் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது, நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போக வாய்க்கால் எங்கே விடணும், இதெல்லாம் நீ சொல்லணும். கீழ்மூலை மண்ணை நனைத்துப் பிசைந்து திரித்தேன், உடையாமல் நீளமாக வந்தது. களிமண் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நிலத்தைப் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்டது தண்ணீர் ஓடும் திசை, சின்னவன் போட்டது. மழைக்கு முன் தோண்டியாக வேண்டும், அதனால் பதிலை உடனே எழுது. குடைக்காரியைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அறைத்தோழி