வேல்ஸ் ஆலயச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது

ஆசிரியருக்கு,

வேல்ஸ் கிராமங்களின் பழைய தேவாலயங்கள் பாழாவதற்கு, வழிபட ஆள் வராததே காரணம் என்பார்கள். ஆளும் குறைந்தது, காசும் குறைந்தது. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் 1920-இல் நடைமுறைக்கு வந்து வேல்ஸின் ஆங்கிலிகன் திருச்சபை அரசிடமிருந்து பிரிந்தபோது, 1662-க்கு முந்தைய அறக்கொடைகள் அதன் கையைவிட்டுப் போயின. ஆனால் சுவரைக் கெடுத்ததில் பெரும்பங்கு சிமெண்டுக்கு உண்டு.

இவை கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே உடைகல்லும் சாந்தும் நிரப்பிய தடித்த சுவர்கள். ஊறிய மழைநீர் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்பு இணைப்புகள் வழியாக உலர்ந்து போகும். அங்கே சிமெண்ட் பூசினால், சுவர் லேசாக அசைந்தாலும் மயிரிழை விரிசல் விடும். அதில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே திரும்பும். உட்பூச்சு உப்புப் பூத்து உதிரும், உத்திர முனை உளுத்துப்போகும், உறைபனியில் கல்லின் முகமே செதில் செதிலாகப் பெயரும்.

சிமெண்டைக் கையுளியால்தான் எடுக்க வேண்டும். இயந்திரம் கல்லின் ஓரத்தை உடைத்துவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்து அழுத்தி நிரப்பலாம். பின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிரில் இந்த வேலை ஆகாது.

சுண்ணாம்பின் அருமைக்கு தெற்கு வேல்ஸின் லான்கார்வன் ஊரிலுள்ள புனித கடோக் ஆலயமே சாட்சி. 15-ஆம் நூற்றாண்டின் புனித ஜார்ஜ் ஓவியம் அடுக்கடுக்கான வெள்ளையடிப்புக்குள் பத்திரமாக இருந்து, 2008-இல் வெளிப்பட்டது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில் ஓவியங்களை மறைக்க அடித்த சுண்ணாம்பு கடைசியில் காப்பாற்றத்தான் செய்தது!

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கூரையோரக் கால்வாயும் அதிலிருந்து இறங்கும் குழாயும். ஆலய முற்றத்து யூ (yew) மர இலையும் காக்கைக் கூட்டுச் சுள்ளியும் அடைத்தால் வழியும் நீரெல்லாம் சுவரில்தான் இறங்கும். இலையுதிர்ந்தபின் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை தூர்வார வேண்டும். கூரையைத் தொடுமுன் வௌவால் குடியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

சிமெண்டை எடுத்ததும் சுவர் உலர்ந்துவிடாது. சுவர்த் தடிமனில் ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது கட்டடக்காரர் கணக்கு. அவசரப்பட்டு உட்புறம் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்