பென்டிரைவ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள ரகு,

இங்கு அனைவரும் நலம். எட்டு மாதங்களாக எழுதாததற்கு வழக்கமான சாக்குகளை நீயே இட்டு நிரப்பிக்கொள். உன் பிட்காயின் வாலட்டின் (டிஜிட்டல் பணப்பையின்) பன்னிரண்டு மீட்புச் சொற்களை, அதாவது போனோ கணினியோ கெட்டாலும் பணத்தை மீட்டுத் தரும், தெரிந்த எவரும் அதை எடுத்துவிடக்கூடிய அந்த ரகசியச் சொற்களை, பென்டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்தால் போதும் என்று பெரிய நிபுணனைப்போல் சொன்னேன் அல்லவா? நானும் அப்படி வைத்திருந்த பென்டிரைவை ஐந்தாண்டுகள் கழித்துச் சென்ற வாரம் செருகியபோது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது! சொற்கள் டைரியிலும் இருந்ததால் பிழைத்தேன். அந்த டைரியின் ஓரத்தையும் கரையான் தொட்டிருந்தது.

பென்டிரைவுக்குள் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. மின்சாரம் காணாமல் வெயில் காலங்களைக் கழித்தால் அது மெல்லக் கசிந்துவிடும். நாம் எரித்துக் குவித்த சிடிக்களின் சாயப்படலமும் காலப்போக்கில் கெடும். ஹார்ட் டிஸ்க் பழுதாகாவிட்டாலும் மனிதன் இருக்கிறானே! வேல்ஸில் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸின் ஹார்ட் டிஸ்க், ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்கான சாவியுடன் 2013இல் குப்பைக்குப் போனது. குப்பைமேட்டைத் தோண்ட அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் முருகேசன் மார்க் ஷீட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகவே சொற்களைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கும் எவர்சில்வர் தகட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எவர்சில்வர் ஏறக்குறைய 1,400 டிகிரி வரை தாங்கும். மீட்புச் சொற்களை எடுக்கும் பொதுப் பட்டியலிலுள்ள 2,048 ஆங்கிலச் சொற்களில் எதையும் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பதால், அதிகம் போனால் 48 எழுத்துகளை அடித்தால் போதும். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதே. அவர் வெட்டும்போதே படித்துவிடுவார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் உன் பழக்கமும் இதில் கூடாது.

இன்னொன்று, விளையாட்டில்லாமல் கேட்கிறேன்: உனக்கு ஸ்டென்ட் வைத்தார்களே, அன்று ஏதேனும் நேர்ந்திருந்தால் அந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று சரளாவுக்குத் தெரிந்திருக்குமா? இரண்டு தகடுகள் செய்து, ஒன்றை வங்கி லாக்கரில் வை. இடத்தை அவளிடம் இன்றே சொல்.

எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் வாங்கிவிட்டேன், பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன். தகடும் சுத்தியலும் உன் பொறுப்பு. நீ உள்ளே அடித்துக்கொண்டிரு, நான் திண்ணையில் காபியோடு காவல் இருக்கிறேன்.

அன்புடன்,
மணி